பன்னிரண்டாவது ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை

நெடுந்துறைக்குக் கப்பல் வருவது நின்று நாற்பது வருஷம் கழித்து, பழைய கப்பலாபீஸைக் கூட்டிக் கழுவி ஓவியக்கூடமாகத் திறந்து வைத்த மூன்றாம் நாள், காலை எட்டு மணிக்கு, தெற்குச் சுவரில் மூட்டை தூக்கி நின்ற பன்னிரண்டு பேருக்கும் வேர்த்தது.

முதலில் பார்த்தது ராக்காயி. அறுபது வயது, ஒல்லி உடம்பு, ஓவியக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. தரை நனைந்திருப்பதைக் கண்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், கூரை காய்ந்துதான் இருந்தது, சித்திரை மாதம், மழைக்கும் வழியில்லை. பிறகு சுவரைப் பார்த்தாள், முதல் ஆளின் கழுத்திலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டு, முக்கோணமாய் வரைந்த தோளில் இறங்கி, உருளை உருளையாய் வரைந்த கையில் வழிந்து, விரல் நுனியில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத் தரையில் விழுந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல் தண்ணீர் என்றால் கரிப்போடு கசக்கும், இதில் கரிப்பு மட்டும்தான், அவள் புருஷன் இருந்த காலத்தில் அவன் சட்டையை ஊறவைத்த வாளித் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி. வந்தவர்களுக்கு ஓவியங்களை விளக்கிச் சொல்கிற ஜெஸிந்தா அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னக்கா, சுவர் ஒழுகுதா?"

"ஒழுகல. மூட்ட தூக்குறாங்கல்ல, வேர்க்குது" என்று சொல்லிவிட்டு ராக்காயி வாளி எடுக்கப் போனாள்.

அந்தச் சுவரை வரைந்தவர் பட்டணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், மனிதனைக் கோணமும் வட்டமுமாகப் பிரித்துப் போடுகிற புதுமாதிரிப் படிப்புப் படித்தவர். கப்பல் ஓடிய நாளில் பயணிகள் கூடத்தின் நான்கு சுவரையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு சுவரில் கடல், ஒரு சுவரில் பாரந்தூக்கி, ஒரு சுவரில் சந்தை, தெற்குச் சுவரில் வெங்காய மூட்டையோடு பலகையேறி சரக்குத் தோணிக்குப் போகிற பன்னிரண்டு நீல நிற ஆட்கள். அத்தனை பேருக்கும் தலை முட்டை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. இடது மேற்கையில் மட்டும் மஞ்சளாய் ஒரு பித்தளை வில்லை. அந்தக் காலத்திலேயே ஊர் சிரித்திருக்கிறது, எங்க ஆளுங்களை என்ன அவிச்ச முட்டைன்னு நெனச்சீங்களா என்று கேட்டிருக்கிறது. அவிச்ச முட்டைக்கு வேர்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் ஊர் தன் கடிகாரத்தைச் சுவரைப் பார்த்துத் திருத்திக்கொண்டது, ஏனென்றால் எட்டு மணிக்கு வேர்க்கத் தொடங்கினால் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வேளைக்கு நிற்கும், ஒன்றரைக்கு மறுபடி தொடங்கி ஐந்துக்கு நிற்கும், துறைமுகத்தில் சங்கு ஊதிய நாளில் எப்படியோ அப்படியே, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சுவர் காய்ந்திருக்கும். மே முதல் தேதியும் காய்ந்திருந்தது, தொழிலாளர் சங்கத்துக் கிழவர்கள் மாலை வாங்கி வந்து சார்த்திவிட்டுப் போனார்கள். பெண்கள் விசிறி கொண்டுவந்தார்கள், மண்பானையில் மோர் வைத்தார்கள், வேலை நேரத்தில் மோர் கொடுத்தால் மேஸ்திரி திட்டமாட்டாரா என்று இரண்டு பேருக்குள் சண்டை வந்தது. ராக்காயி வாளியைப் பின்கட்டில் வெயிலில் வைத்தால் மாலைக்குள் ஒரு கைப்பிடி உப்பு மிஞ்சும். திருஷ்டி கழிக்க அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். வேலைக்கே போகாத புருஷன்மாருக்குக் குழம்பில் கலந்து கொடுத்தார்கள், இரண்டு பேருக்குப் பலித்தது, மூன்றாவது ஆளுக்கு ரத்தக்கொதிப்பு வந்தது.

ஆனால் கடைசியில் நின்ற பன்னிரண்டாவது ஆள் மட்டும் ஓயவில்லை.

மற்ற பதினோரு பேரும் சாப்பாட்டு வேளைக்குக் காய்ந்து நிற்க, அவருக்கு மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்குப் பிறகும் வேர்த்தது, ஞாயிற்றுக்கிழமை வேர்த்தது, மே முதல் தேதி மாலை மரியாதையெல்லாம் நடந்தபோதும் வேர்த்தது. ராக்காயிக்கு அந்த ஒரு ஆளால் விடுமுறை போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் வந்து துடைத்தாள், துடைத்துக்கொண்டே பேசுவாள், "ஒனக்கு மட்டும் லீவு குடுக்க மாட்டானா அந்த மேஸ்திரி? ஓம் பொண்டாட்டி பிள்ளையெல்லாம் தேடாதா?" என்பாள். தரைத்துணியால் துடைக்க மனம் வராமல் வீட்டிலிருந்து பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து அவருக்கென்று தனியாக வைத்திருந்தாள்.

அவருக்கு ஏன் ஓய்வில்லை என்பதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. மூட்டை தூக்கிக் கூன் விழுந்த ஒரு கிழவர் வந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "இவன் பதிலாள். பதிலாளுக்கு ஏது ஞாயித்துக்கெழம" என்றார், எல்லோரும் அதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார்கள்.

பதிலாள் வழக்கம் இப்படி. துறைமுகத்தில் வேலை செய்ய வில்லை வேண்டும், வில்லையில் எண் இருக்கும், வாசலில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா முகத்தைப் பார்க்கமாட்டான், கையைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்வான். உடம்புக்கு முடியாதவன், கல்யாணம் காட்சிக்குப் போகிறவன், தன் வில்லையை வாசலில் காத்துக் கிடக்கிற எவனாவது ஒரு வெளியூர்க்காரன் கையில் கட்டி அனுப்புவான். ஆபீசுக்குத் தெரிந்தால் வில்லை பறிபோகும், அதனால் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். வாங்கினவன் வில்லையோடு ஓடிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார்கள்: கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். மாலையில் சொந்தக்காரன் வாசலுக்கு வந்து தன் கையால் முடிச்சை அவிழ்க்கும் வரை பதிலாள் வேலையில்தான் இருக்கிறான் என்று கணக்கு.

யாருக்குப் பதிலாள் என்று மட்டும் ஊர் கேட்கவில்லை. கேட்டால் கல்லைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

கல் கப்பலாபீஸ் வாசலில் இருக்கிறது, கருங்கல், பதினோரு பெயர். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு நாள், மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருந்த காலையில், தூரத்தில் நின்ற கப்பலுக்கு வெங்காயம் ஏற்றியே ஆக வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்து ஒரு தோணியை அனுப்பினார்கள், தோணி கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. பதினோரு உடல் கரை ஒதுங்கியது. குமாஸ்தாவின் பதிவில் பன்னிரண்டு எண் இருந்தது. நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு உரியவன் மட்டும் கிடைக்கவில்லை என்று அவன் வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள். மூன்றாம் நாள் அவன் உயிரோடு தெருவில் நடந்து வந்தான். முந்தின நாளே சந்தையில் வில்லையைத் தொலைத்துவிட்டேன், அந்த வருத்தத்தில் அக்கா ஊருக்குப் போய்விட்டேன், தோணியில் நான் ஏறவேயில்லை என்றான். குமாஸ்தா தான் தப்பாக எழுதிவிட்டதாகச் சொல்லி எண்ணை அடித்தான். கல்லில் பதினொன்று வெட்டினார்கள்.

ஆனால் ஓவியர் அன்று மழையில் மாடி சன்னலில் நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியாது, வில்லையில் எண் தெரியாது, தோளும் மூட்டையும்தான் தெரியும். பன்னிரண்டு தோள் என்றார். பதினொன்றுதான் என்றார்கள். பன்னிரண்டு பேரை வரைந்து வைத்துவிட்டு, மீதிச் சாயத்தைக் கடலில் கொட்டிவிட்டு ஊரை விட்டுப் போனார். இப்போது ஜெஸிந்தா வருகிறவர்களிடம், பன்னிரண்டாவது உருவம் படத்தின் சமநிலைக்காகச் சேர்க்கப்பட்டது என்று சொல்கிறாள். அச்சடித்த தாளில் அப்படித்தான் இருக்கிறது.

உயிரோடு திரும்பியவன் பெயர் வைத்திலிங்கம். தொலைத்தேன் என்று அவர் சொன்னது பொய். அன்று காலை கூண்டைப் பார்த்ததும் தோணியில் ஏறக் கூடாதென்று முடிவு செய்தார். இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி எட்டு மாதம். வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் வேலைக்குக் காத்திருந்த கோட்டைச்சாமியின் கையில் வில்லையைக் கட்டிவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோட்டைச்சாமி மழையில்லாத சீமையிலிருந்து பெண்டாட்டியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஆள். கூட ஏறின பதினோரு பேரும் செத்துப் போனார்கள், கண்டவர் யாருமில்லை. உண்மையைச் சொன்னால் வில்லை போகும் என்று முதல் வாரம் சொல்லவில்லை. பிறகு, ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. அப்படியே ஐம்பத்தைந்து வருஷம் போயிற்று. கோட்டைச்சாமி என்ன ஆனான் என்ற கேள்விக்கு ஊரே ஒரு பதில் செய்துகொண்டது: பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் கப்பலேறிப் பினாங்குக்கு ஓடிப்போனான், அங்கே ஒருத்தி இருக்கிறாள்.

அந்த ஐந்து வயது மகள்தான் ராக்காயி. ஓடிப்போனவன் மகள் என்றே வளர்ந்து, ஓடிப்போனவன் மகள் என்றே கட்டிக்கொடுக்கப்பட்டு, அறுபது வயதிலும் பினாங்கிலிருந்து யாராவது ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டுக்கு எதிரே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். எதுவும் கேட்கமாட்டாள். அவளுக்குத் தகப்பன் இடத்தில் நின்று எல்லாம் செய்தவர் வைத்திலிங்கம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், அவள் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்தார், புருஷன் போன பிறகு இந்த வேலைக்கும் அவர்தான் சொல்லிவிட்டார். சித்தப்பா சித்தப்பா என்று அவள் உயிரை விடுவாள். ஊரில் சுவரைப் போய்ப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். முட்டி விடவில்லை என்பார்.

ஆவணியில் பட்டணத்திலிருந்து சந்தானகிருஷ்ணன் என்ற அதிகாரி வந்தார், பழைய ஓவியங்களைக் காப்பாற்றுகிற படிப்புப் படித்தவர், நல்ல மனிதர். இரண்டு நாள் சுவரில் காதை வைத்துக் கேட்டார், கருவிகளை ஒட்டி அளந்தார். பதினோரு பேருக்கு வருவது நியாயமான ஈரம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாவது உருவத்தில் ஈரம் நிற்பதே இல்லை, உப்பு பூத்துப் பக்கத்து உருவத்தையும் அரிக்கிறது, இன்னும் ஒரு வருஷம் விட்டால் சுவர் மொத்தமும் போய்விடும். ஆகவே வருகிற திங்கட்கிழமை அதை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசிவிடலாம் என்றார். ஊர்க்காரர்களின் மனசு நோகக் கூடாதென்று கூட்டமும் போட்டார்.

வெள்ளிக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம். பதினோரு வீட்டாரும் வந்திருந்தார்கள். கல்லில் பதினொன்று இருக்கும்போது சுவரில் மட்டும் எதற்குப் பன்னிரண்டு என்று ஒருவர் எழுந்து கேட்டார், எங்க தாத்தா தோளு ஏற்கெனவே உப்புல உரியுது என்றாள் ஒருத்தி. சந்தானகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. இருக்கிறாங்கன்னா வேற வழி யோசிப்போம்" என்றார்.

யாரும் தூக்கவில்லை. ராக்காயி பின்னால் சுவரோரம் நின்று, பாவம், ஒரு நாதியில்லாத ஆளு என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். முன்வரிசையில் கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்த வைத்திலிங்கத்தின் கை, தடியிலிருந்து எழவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பன்னிரண்டரை மணிக்கு, அவர் ஓவியக்கூடத்துக்கு வந்தார்.

"தாத்தா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்றாள் ஜெஸிந்தா.

"முட்டி இன்னைக்குத்தான் விட்டுச்சு பாப்பா."

அவள் கூடவே நடந்து கடலைக் காட்டினாள், பாரந்தூக்கியைக் காட்டினாள், சந்தையைக் காட்டினாள், அவர் எதையும் பார்க்கவில்லை. தெற்குச் சுவருக்கு வந்ததும் வழக்கம்போல, "பன்னிரண்டாவது உருவம் சமநிலைக்காக..." என்று தொடங்கினாள்.

"சமநிலைக்கா" என்றார் வைத்திலிங்கம். அப்புறம் அவள் தானாகவே வாசல் பக்கம் போய்விட்டாள்.

பதினோரு பேரும் காய்ந்து நின்றார்கள். பன்னிரண்டாவது ஆளின் காலடியில் வாளி இருந்தது, அதில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது, வாளிக்குப் பக்கத்தில் ராக்காயி காலை நீட்டி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாங்க சித்தப்பா. கருவாட்டுக் கொழம்பு இருக்கு, ஒரு வாய் திங்கிறீங்களா?"

"அப்புறம்."

"தள்ளி உக்காருங்க, இந்தாளு மேல சொட்டிருவாரு. திங்கக்கெழமையோட இவருக்கு ரிட்டயர்மெண்டு. நானும் ஞாயித்துக்கெழம தூங்கலாம்."

அவர் தள்ளி உட்காரவில்லை. சொட்டு அவர் தோளில் விழுந்தது.

"ராக்கு. ஒங்கப்பன் பினாங்குக்குப் போகல."

அவள் கை சோற்றில் நின்றது. "ரெங்கூனா?"

"எங்கயும் போகல. இந்தா, இங்கதான் நிக்கிறான்."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். புளியமரம், காய்ச்சல், முடிச்சு, மூன்றாம் நாள் தெருவில் நடந்து வந்தது, ஒன்றையும் விடவில்லை.  கேட்டு முடித்ததும் தூக்குச்சட்டியை மூடினாள், கையைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு என்ன சட்ட போட்டிருந்தாரு?"

"பாக்கலம்மா."

"மீச இருந்துச்சா?"

"கையத்தான் பாத்தேன். முடிச்சுப் போடுறதுக்கு."

"மொகத்தப் பாக்கவே இல்லயா?"

"பாக்கல."



"எனக்கும் நெனப்பில்ல" என்றாள் ராக்காயி. "அஞ்சு வயசு. எங்காத்தா சாகும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன்."

"அந்த மனுசன் திரும்பி வந்தா கதவத் தெறக்காதடின்னு சொல்லிட்டுச் செத்தா."

"கேட்டேன்."

"அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

அவள் எழுந்தாள். வேட்டித் துணியை எடுத்து அந்த முட்டைத் தலையை ஒரு தரம் துடைத்தாள், இத்தனை நாள் துடைத்ததைவிட மெதுவாக. பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"கட்டுனவந்தான அவுக்கணும். அவுத்துடுங்க. நெடுநேரமா நிக்கிறாரு."

வைத்திலிங்கம் தடியை ஊன்றி எழுந்து சுவரிடம் போனார். மேற்கையில் மஞ்சள் வட்டத்துக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, அதுதான் கயிறு. அதைத் தொட்டார், நனைந்திருந்தது. பெருவிரல் முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்தது, அவர் போட்ட முடிச்சு, நாற்பத்து மூன்றாம் எண்காரன் மட்டும் போடுகிற இரட்டைச் சுற்று. அவிழ்த்தார். வில்லை அவர் உள்ளங்கைக்குக் கனமாக வந்து விழுந்தது, அதில் எண் தெரிந்தது. குழாயைத் திருகி மூடினது போல வேர்வை நின்றது. பன்னிரண்டாவது ஆள் மூட்டையை இறக்கினார், பொத்தென்று ஒரு சத்தம், கூடம் முழுக்க வெங்காய வாசனை. இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நமக்கு முதுகைக் காட்டி, வரைந்த கடலைப் பார்த்து, பலகை நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் நின்ற ஜெஸிந்தா பார்வையாளர் குறிப்பேட்டைப் புரட்டி, பன்னிரண்டு ஐம்பது, பன்னிரண்டாவது ஆள் உட்கார்ந்தார் என்று எழுதினாள்.

திரும்புவார் என்று ராக்காயி நின்று பார்த்தாள். திரும்பவில்லை. மூட்டை மறைத்திருந்த பிடரி இப்போது தெரிந்தது, அதில் ஒரு சுழி இருந்தது. அவள் மகனுக்கும் அதே இடத்தில் அதே சுழி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், ஒன்றரைக்கு மற்ற பதினோரு பேருக்கும் வேர்க்கத் தொடங்கியதும், வைத்திலிங்கத்தின் கையிலிருந்த வில்லையை வாங்கினாள். அவள் கேட்காமலே அவர் இடது கையை நீட்டினார். கட்டினாள். முடிச்சு இறுகுவதற்குள் அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது.

திங்கட்கிழமை ஆட்களோடு வந்த சந்தானகிருஷ்ணன் பன்னிரண்டாவது ஆளின் இடம் காய்ந்திருப்பதைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார், தன் கையிலிருந்த புகைப்படத்தில் அவர் நிற்பதைப் பார்த்தார், புகைப்படத்தில்தான் ஏதோ தவறு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

வைத்திலிங்கத்துக்கு வேர்ப்பதையும் ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. சாப்பாட்டு வேளை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மருமகள் கட்டிலுக்கு அடியில் கோணி விரித்தாள், இளநீர் கொடுத்தாள், உப்புப் போட்ட நீராகாரம் கொடுத்தாள், டாக்டர் வீட்டுக்கே வந்து சலைன் ஏற்றினார், ஏற்றினது எல்லாம் ஒரு மணி நேரத்தில் தலையணைக்கு வந்தது. மகன் கத்தியால் கயிற்றை அறுத்துப் பார்த்தான், கத்தி மழுங்கியது. கட்டினவள்தான் அவிழ்க்க வேண்டும், அதை யாரும் அவளிடம் போய்க் கேட்கவில்லை. மருமகள் மட்டும் ஒரு நாள் போனாள். "பாக்குறேன்னு சொல்லு" என்றாள் ராக்காயி.

அவள் தினமும் ஐந்து மணிக்கு மேல் அந்த வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா என்று கூப்பிடவில்லை, வேறெப்படியும் கூப்பிடவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேட்டித் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அவர் பதில் சொன்னதும் எழுந்து போய்விடுவாள்.

எப்படி உட்கார்ந்திருந்தார் என்று கேட்டாள். குந்திக்கொண்டு, புளியங்கொட்டையால் தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான் என்றார். காலில் செருப்பு இருந்ததா என்று ஒரு நாள். செருப்பு இல்லை, ஒரு காலில் கந்தல் சுற்றியிருந்தான், முள் குத்தியிருக்கும் என்றார். முதல் பேச்சு என்ன பேசினார் என்று ஒரு நாள். மூட்டை என்ன கனம் இருக்கும்னு கேட்டான் என்றார். கூண்டைப் பார்த்து அவருக்குப் பயமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டாள்.

"அவனுக்கு அது என்னன்னே தெரியாது. கடலு காணாத சீமைக்காரன். அது எதுக்குன்னு எங்கிட்டத்தான் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெளக்கு மாட்டுறதுக்குன்னு சொன்னேன்."

அன்று அவள் இரண்டு கேள்வி கேட்டுவிட்டாள். துணியை அப்படியே அவர் நெஞ்சில் போட்டுவிட்டுப் போனாள், மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை, அந்த இரண்டு நாளும் அவருக்கு வேர்த்ததில் கோணி நனைந்து வாசல் வரை ஓடியது. மூன்றாம் நாள் வந்தாள், ஒன்றும் நடக்காதது போலத் துடைத்தாள். அப்படி இருபது நாள் போயிற்று. அவர் கட்டிலோடு ஒட்டி, நாக்கு வறண்டு, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டார்.

இருபத்தோராம் நாள் அவள் துடைத்து முடித்துவிட்டுத் துணியைப் பிழிந்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

அவளுக்குப் பின்னால் நின்ற மருமகள், சொன்னான் என்று சொல்லுங்க என்று கண்ணாலும் கையாலும் கெஞ்சினாள். மகன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வைத்திலிங்கத்துக்கும் அது தெரியாமல் இல்லை. ஒரே ஒரு பொய், ஐம்பத்தைந்து வருஷம் சொன்னதோடு இன்னும் ஒன்று. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அன்று பார்க்காததற்கும் சேர்த்துப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "ஒன்னப் பத்தி ஒன்னும் சொல்லல. தோணில கஞ்சி ஊத்துவாங்களான்னு கேட்டான். அதுதான் கடைசியாப் பேசுனது."

"ஊத்துவாங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஊத்துவாங்களா?"

"பதிலாளுக்கு ஊத்த மாட்டாங்க."

ராக்காயி தலையை ஆட்டினாள். குனிந்து அவர் மேற்கையைப் பிடித்து, நகத்தால் முடிச்சை நெகிழ்த்தி, பல்லால் இழுத்து அவிழ்த்தாள். அவர் நெற்றி காய்ந்தது, கழுத்து காய்ந்தது, மூடின கண்ணின் இமையும் காய்ந்தது. விளக்கேற்றுவதற்குள் அவர் போய்விட்டார். எடுத்தபோது அவள் தெருமுனை வரை பாடைக்குப் பின்னால் நடந்து வந்தாள், அழவில்லை.

கல்லில் ஒரு பெயர் சேர்க்க வேண்டும் என்று ஜெஸிந்தா எழுதிக் கொடுத்த மனுவோடு ராக்காயி ஆபீசுக்குப் போனாள். ஆதாரம் கேட்டார்கள். வில்லையைக் காட்டினாள். நாற்பத்து மூன்று வைத்திலிங்கத்தின் எண், அவர் சென்ற மாதம்தானே செத்தார், கடலிலா செத்தார் என்று கேட்டார்கள். கல்லில் இன்னும் பதினொன்றுதான். வில்லையை அவள் வைத்துக்கொள்ளவில்லை. யார் கையிலும் மறுபடி ஏறக் கூடாதென்று, இடிந்த தோணித்துறையில் இடுப்பளவு தண்ணீர் வரை இறங்கிப் போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தாள்.

இப்போது போனாலும் பார்க்கலாம். எட்டு மணிக்குப் பதினோரு பேருக்கு வேர்க்கும், ஐந்து மணிக்கு நிற்கும், பன்னிரண்டாவது ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், ஓவியர் ஒருவரை மட்டும் ஏன் உட்கார வைத்தார் என்று யாராவது கேட்டால் ஜெஸிந்தா அச்சடித்த தாளைத் தேடமாட்டாள், ராக்காயியைக் கூப்பிடுவாள். பினாங்கிலிருந்து யார் வந்தாலும் ராக்காயி இப்போது போவதில்லை. காலையில் வேலை தொடங்குமுன் அந்த ஆளின் அருகே, பலகை நுனிக்குக் கீழே, ஒரு கிண்ணம் கஞ்சி வைக்கிறாள். பகல் முழுக்க அது அங்கேயே இருக்கும், மேலே ஆடை படியும், அளவு குறையாது, வருகிறவர்கள் கால் படாமல் சுற்றிப் போவார்கள். சங்கு ஊதாத ஐந்து மணிக்கு அவளே அதை எடுத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குடிப்பாள்.

அவள் அந்தக் கஞ்சியில் உப்புப் போடுவதில்லை. குடிக்கும்போது உப்பு சரியாக இருக்கும்.